ஆறாவது வார்டின் வாசலில்



இன்று நாம் சுவைக்க எடுத்துக்கொண்ட கதை, அந்தோன் செகாவ் 1892ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஆறாவது வார்டு’. செகாவ் மருத்துவரும் ஆவார். 1890இல் சகலின் தீவுக்குச் சென்று, அங்கிருந்த கைதிகளின் நிலையை நேரில் கண்டு திரும்பியபின் எழுதிய கதை இது.

இருப்புப்பாதைக்கு நெடுந்தொலைவில் ஒரு சிற்றூர் மருத்துவமனை. அதன் பின்முற்றத்துக் கட்டடம் ஒன்றில் மனநோயாளர் ஐவர் அடைபட்டிருக்கின்றனர். காவலாளி நிக்கித்தா அடித்தே ஒழுங்கைக் காப்பவன்.

கதையின் தொடக்கத்தைக் கவனிப்போம். காஞ்சொறிச் செடிகளுக்கு இடையே செல்லும் ஒற்றையடிப் பாதையில் நம்மை உடன் அழைத்துச் சென்று, அந்த வார்டை முதலில் நமக்கே காட்டிவிடுகிறார் செகாவ். மருத்துவர் ராகின் அதன்பிறகே அறிமுகமாகிறார். அவர் கொடியவர் அல்லர்; நூல்களை நேசிப்பவர். ஆயினும் அந்த வார்டுக்குள் அவர் நுழைவது அரிது.

ஒருநாள் நுழைந்தவர், குரோமொவ் என்னும் நோயாளியின் அறிவுக்கூர்மையில் ஈடுபடுகிறார். அமைதி மனிதனின் உள்ளத்தில்தான் உள்ளது. கதகதப்பான படிப்பறைக்கும் இந்த வார்டுக்கும் வேறுபாடில்லை என்கிறார். சிறுவயதில் அடிபட்டதுண்டா என்று குரோமொவ் திருப்பிக் கேட்கிறான். இல்லை என்பதே மருத்துவரின் விடை. வார்டை முன்னரே கண்டுவிட்ட நமக்கு, அவருடைய தத்துவம் எத்துணை அழகாக ஒலித்தாலும் நெஞ்சில் ஒட்டுவதில்லை. செகாவ் கண்டித்து ஒரு சொல்லும் எழுதவில்லை. காட்சிகளை அடுக்கிய முறையே அந்தப் பணியைச் செய்துவிடுகிறது.

நோயாளியோடு பேசிப் பழகியதே மருத்துவர்மீது ஐயத்தைக் கிளப்புகிறது. பதவி பறிபோகிறது. ஆலோசனை கேட்பதாகச் சொல்லி அழைத்துவந்த இளைய மருத்துவர், அவரை அதே வார்டில் அடைத்துவிடுகிறார். வெளியேற முயன்றவரை நிக்கித்தா அடிக்கிறான். மறுநாள் அவர் இறந்துபோகிறார்.

அடிபட்டுக் கிடந்த அந்த இரவில்தான் அவருக்கு ஓர் உண்மை உறைக்கிறது. இதே வலியை இம்மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் பட்டிருக்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் அதை அறியவில்லை. அறிய விரும்பவும் இல்லை. இந்த இரண்டாவது குற்றமே கதையின் உயிர்நாடி.

வகுப்பறையில் துயருறும் பிள்ளையிடம் ‘பொறுத்துக்கொள்’ என்று நாமும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அச்சொல் தவறன்று. எங்கே நின்றுகொண்டு அதைச் சொல்கிறோம் என்பதே கேள்வி. அடுத்தமுறை அதைச் சொல்வதற்குமுன், அந்தப் பிள்ளை நிற்கும் இடத்துக்கு ஒருமுறை நடந்து செல்வோம்.