குறைவாக ஓடிய டீசல் கார்

பழைய கார் பார்க்கப் போனால், "சிங்கிள் ஓனர் சார், டாக்டர் ஓட்டின வண்டி, முப்பதாயிரம்தான் ஓடியிருக்கு" என்று புரோக்கர் ஆரம்பிப்பார். பெட்ரோல் வண்டியானால் அந்தப் பேச்சுக்கு ஓரளவு மதிப்புத் தரலாம். 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 விதிப்படி செய்த டீசல் வண்டியானால், அதைக் கேட்டதும் சற்றுத் தயங்க வேண்டும் என்பது என் கட்சி.

அந்த வண்டிகளின் புகைப்பாதையில் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. செராமிக்கில் செய்த தேன்கூடு போன்ற அது, புகையிலுள்ள கரியைப் பிடித்துவைத்து அவ்வப்போது எரித்துவிடும். எரிய ஏறத்தாழ 600 டிகிரி சூடு வேண்டும். அதற்காக இன்ஜின் கூடுதலாக டீசல் பீய்ச்சும். வண்டியும் கொஞ்ச நேரம் நிற்காமல் ஓட வேண்டும். குறைவாக ஓடிய வண்டியோ பெரும்பாலும் ஊர் நெரிசலில்தான் ஓடியிருக்கும். காலை நேரச் சென்னை ஜி.எஸ்.டி. சாலையில் நிற்காமல் ஓட வழி ஏது? பெருங்களத்தூரில் ஊர்ந்து, வண்டலூரில் நின்று, கூடுவாஞ்சேரியில் மறுபடி ஊர்ந்து மறைமலை நகர் சேர்வதற்குள் எரிப்பு பலமுறை பாதியில் அறுந்துவிடும். எரியாத டீசல் இன்ஜின் ஆயிலோடு கலக்கும். டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் மேல்கோட்டையும் தாண்டி நிற்கும். முகர்ந்தால் டீசல் வாடை. கரி முற்றி வடிகட்டியையே மாற்றும் நிலை வந்தால், பல மாடல்களில் பில் லட்சத்தைத் தாண்டும். திருச்சிக்கும் மதுரைக்கும் ஓடி எண்பதாயிரம் காட்டும் வண்டியில் இந்தத் தொல்லை பெரும்பாலும் குறைவு.

"மறைமலை நகர் ஆலையில் செய்த ஃபோர்டு எண்டெவர் மாதிரி வண்டிகளுக்குத்தான் இந்தக் கதி, கம்பெனியே போய்விட்டதே" என்பார்கள். ஃபோர்டு 2021 செப்டம்பரில் விலகலை அறிவித்ததும், மறுவருடம் மறைமலை நகரில் உற்பத்தி நின்றதும் உண்மை. அதனால் உதிரிபாகத்துக்கு அலைச்சல் கூடலாம். கரி அடைப்பதற்கு அது காரணமில்லை. நெரிசலில் மட்டுமே ஓடும் எந்தக் கம்பெனி டீசல் காருக்கும் இதே கணக்குதான்.

"வடிகட்டிக்கு உள்ளே இருப்பதை உடைத்து எடுத்துவிட்டால் ஐந்தாறாயிரத்தில் முடியுமே" என்ற யோசனையும் உலவுகிறது. கம்பெனி அமைப்பை அப்படி மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இடம் தராது. அடுத்து வாங்குபவருக்கும் சொல்லாமல்தான் விற்க வேண்டியிருக்கும். செய்த கம்பெனியே பொறுப்பேற்கட்டும் என்ற வாதத்தில் நியாயம் கூடுதல். அமெரிக்காவில் கார்களின் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு 8 வருடம் அல்லது 80,000 மைல் வாரண்டி சட்டப்படி உண்டு. கை மாறினாலும் அது வண்டியோடு போகும். இங்கே வடிகட்டிக்கும் அப்படி ஒன்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

அதுவரை, முன்பணம் கொடுக்கும் முன், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைப் பொருத்திப் பாருங்கள். வடிகட்டியில் எவ்வளவு கரி, கடைசியாக முழு எரிப்பு நடந்து எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று என்பதைப் பல வண்டிகளில் அது காட்டிவிடும். ஸ்கேனர் வைக்க விற்பவர் மறுத்தால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.