வெறும் பாத்திரம் திரும்பி வராது

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தீபாவளிப் பரிசை எதில் சுற்றிக் கொடுப்பது என்பது ஒரு பெரிய விஷயமா என்று சிலர் கேட்கலாம். பெரிய விஷயம்தான். அதில் குப்பையும் இருக்கிறது, நம்முடைய கௌரவமும் இருக்கிறது.

கடையில் விற்கும் பளபளப்பான பரிசுத்தாளைக் கையில் எடுத்துக் கசக்கிப் பாருங்கள். கசங்கியபடியே கிடந்தால் பெரும்பாலும் வெறும் தாள். கையை எடுத்ததும் விரிந்து கொண்டால், அதில் நெகிழிப் படலமோ உலோகப் பூச்சோ இருக்கிறது என்று பொருள். மறுசுழற்சி ஆலையில் பழைய தாளைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்குவார்கள். இந்தப் படலம் கூழாகாது. மினுக்குத்தூள் ஒட்டிய தாளும் அங்கே உதவாது.

2007ஆம் ஆண்டின் திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட மாநிலங்களில் ஜொகூரும் ஒன்று. 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போடுவது இங்கே கட்டாயம். மின்னும் தாளைச் சாதாரணத் தாளோடு போட்டால் நல்ல தாளும் கெடும். மற்றக் குப்பையோடு போட்டால் சீலோங் போன்ற குப்பை நிலத்தில் போய்ப் புதையும். ஒரு நாள் அழகுக்குப் பல தலைமுறைக் குப்பை!

ஹேம்பர் கூடையையும் சொல்ல வேண்டும். அதைச் சுற்றும் கண்ணாடித்தாள் ஒரு காலத்தில் மரக்கூழில் செய்த செலோஃபேன். இன்று பெரும்பாலும் நெகிழி. உள்ளே நான்கு பிஸ்கட் டின், கீழே மேடுகட்டத் தாள் துண்டுகள். காசு பொருளுக்கா, தோற்றத்துக்கா?

நம்மிடமே இருந்த வழக்கம்

தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். தட்டில் முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை அடுக்கி, துணியால் மூடி, மலாய்க்காரர் வீட்டுக்கும் சீனர் வீட்டுக்கும் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவார்கள். அந்தத் தட்டு வெறுமையாகத் திரும்பாது. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது வரும். பாத்திரம் போய்வந்தது, உறவும் போய்வந்தது. கிழித்தெறியும் தாளால் அது முடியுமா?

ஜப்பானியர்கள் சதுரத் துணியில் பரிசை முடிந்து கொடுப்பதை ஃபுரோஷிகி என்பார்கள். குப்பையைக் குறைக்க 2006இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சர் யுரிக்கோ கொய்க்கே அதற்கென ஒரு துணியையே அறிமுகப்படுத்தினார். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை அரசே தொடங்கியது. பழையதைத் திரும்ப எடுப்பதில் வெட்கம் இல்லை.

செய்முறை எளிது. பழைய சேலையில் 70 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி ஓரம் தைத்துக் கொள்ளுங்கள். நடுவில் டப்பாவை வைத்து எதிரெதிர் முனைகளை முடிந்தால் போதும், ஒட்டுநாடா வேண்டாம். பாத்தேக் துணியில் சுற்றினால் அதுவே இன்னொரு பரிசு. மெங்குவாங் கூடையில் வைத்தால் பிறகு வீட்டுக்கு உதவும். முறுக்குக்குக் காற்றுப் புகாத டின்தான் சரி; வாழை இலையில் வைத்தால் நமத்துப் போகும். அன்றே சாப்பிடும் கேசரிக்கு இலை பொருந்தும். புத்தகத்தை இந்த ஞாயிறு நாளிதழிலேயே சுற்றலாம். ஆனால் பலகாரத்தை அச்சுத்தாளில் வைக்காதீர்கள், மை ஒட்டும்.

யார் முதலில் தொடங்குவது?

எனக்கு முன் பேசிய சகோதரி, "துணியில் முடிந்து கொடுத்தால் கஞ்சத்தனம் என்பார்களே" என்றார். நியாயமான கேள்வி. வசதி குறைந்தவர் துணியில் கொடுத்தால் இல்லாமை என்பார்கள். வசதி உள்ளவர் கொடுத்தால் அதுவே வழக்கமாகும். ஆகவே பெரிய வீட்டில் இருப்பவர்களும், ஹேம்பர் அனுப்பும் முதலாளிகளும், சங்கத் தலைவர்களும் முதலில் தொடங்க வேண்டும். அப்போதுதான் மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவு செய்யும் குடும்பம், உறையின் அழகுக்காகக் கடன்படாமல், தலை நிமிர்ந்து பலகாரம் கொடுக்கும்.

வரும் தீபாவளிக்கு ஒரே ஒரு பரிசையாவது திரும்பி வரக்கூடிய பாத்திரத்தில் கொடுங்கள். உங்களுக்கு அப்படி ஒன்று வந்தால், தயவு செய்து வெறுமையாகத் திருப்பி அனுப்பாதீர்கள்.