கல்லும் காகிதமும் நமக்கு ஆசான்கள்

இன்று பட்டம் பெறும் ஓவியர்களே, சிற்பிகளே, வடிவமைப்பாளர்களே!

முதலில் உங்கள் பெற்றோருக்கு என் நன்றி. பொறியியலும் மருத்துவமும்தான் படிப்பு என்று சொல்லும் ஊரில், "படம் வரையப் படிக்கிறான்", "டிசைன் படிக்கிறாள்" என்று உறவினரிடம் சொல்வதற்கு ஒரு துணிவு வேண்டும். அந்தத் துணிவுக்கு இந்த அரங்கம் கடன்பட்டிருக்கிறது.

மாணவச் செல்வங்களே, உங்களிடம் நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கையில் எடுக்கும் பொருளை முழுதாக அறியுங்கள். அதைப் புழங்கப் போகிற மனிதரையும் அறியுங்கள். இந்த இரண்டும் தெரிந்தவருக்குப் புதுமை தானாக வரும். இதைச் சொல்ல நான் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நம்மைச் சுற்றியுள்ள மண்ணே போதும்.

திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட திருவக்கரையை உங்களில் பெரும்பாலோர் அறிவீர்கள். பௌர்ணமி இரவில் வக்கிரகாளியம்மனைத் தரிசிக்கக் கூட்டம் கூட்டமாக மக்கள் வருகிறார்கள். சந்திரமௌலீஸ்வரரின் மும்முக லிங்கத்தை வணங்கிவிட்டுத் திரும்புகிறார்கள். ஆனால் ஊரை ஒட்டியுள்ள கல்மரப் பூங்காவில் நின்று பார்ப்பவர்கள் குறைவு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாத்துவரும் இடம் அது. 1781ஆம் ஆண்டிலேயே சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் இந்தக் கல்மரங்களைப் பற்றி எழுதிவிட்டார்.

அங்கே ஓர் அடிமரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பாருங்கள். வளையங்கள் தெரியும். நார் ஓடிய கோடுகள் தெரியும். கிளை முளைத்த இடத்தில் கணுவும் தெரியும். கையை வைத்தால்தான் அது கல் என்று புரியும். இவை அசுரனின் எலும்புகள் என்று ஊரில் ஒரு கதையும் உண்டு. இவை ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் என்கிறது அறிவியல். வேரும் கிளையும் இல்லாத வெறும் தண்டுகளாகக் கிடப்பதால், எங்கோ வளர்ந்து வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்தவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் திசுக்களுக்குள் சிறிது சிறிதாகப் புகுந்து, மரம் இருந்த இடத்தைக் கல் எடுத்துக்கொண்டது. பொருள் முழுவதும் மாறிவிட்டது, அமைப்பு மாறவில்லை. ஒரு பொருளுக்கும் அதன் வடிவத்துக்கும் உள்ள உறவைக் கற்றுத்தர இதைவிடச் சிறந்த வகுப்பறை எனக்குத் தெரியவில்லை. ஓவியப் பலகையும் பென்சிலுமாக ஒரு நாள் முழுக்க அங்கே இருந்து ஒரே ஒரு தண்டை வரைந்து பாருங்கள். கைபேசியில் படம் எடுத்தவர் பார்க்காத பத்து விஷயங்கள் உங்கள் கண்ணில் படும்.

அடுத்து, விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழிப்பக்கம் உள்ள மண்டகப்பட்டு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் அங்கே ஒரு பாறையைக் குடைந்து கோயில் எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இவை எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும் இதை அமைத்ததாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டில் பெருமையோடு பொறித்தும் வைத்தான். அதுவரை தமிழ்நாட்டில் கோயில் என்றால் பெரும்பாலும் இந்த நான்கும்தான். அழியக்கூடிய நான்கையும் ஒதுக்கிவிட்டு, கருங்கல்லைக் கையில் எடுத்தான். அந்த மன்னனுக்கு விசித்திரசித்தன் என்றும் சித்திரகாரப்புலி என்றும் விருதுப் பெயர்கள் இருந்தன.

அரசன் ஆசைப்பட்டால் மட்டும் போதுமா? பாறையின் ஓட்டம் எந்தப் பக்கம், எங்கே உளி வைத்தால் பிளக்கும், எங்கே வைத்தால் சிதறும் என்று அறிந்த கைகள் இருந்ததால்தான் அந்த ஆசை நிறைவேறியது. கட்டுகிறவர் ஒரு கல் பிசகினால் வேறு கல் வைக்கலாம். குடைகிறவருக்கு அந்த வசதி கிடையாது. செதுக்கி எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆகவே முதல் உளி விழுவதற்கு முன்பே கோயில் முழுவதும் மனதுக்குள் எழுந்திருக்க வேண்டும். வாசலின் இருபுறமும் நிற்கும் அந்தப் பெரிய துவாரபாலகர்களைப் பாருங்கள். மேலும் கீழும் சதுரமாக, நடுவில் எட்டுப் பட்டையாக நிற்கும் தூண்களைப் பாருங்கள். தேவைக்கு மேல் ஓர் அலங்காரமும் கிடையாது. இன்று வடிவமைப்பு வகுப்பில் எளிமை என்று நாம் பேசுவதை அந்தக் கல்தச்சர்கள் 1400 ஆண்டுகளுக்கு முன் செய்து நிறுத்தியிருக்கிறார்கள்.

மகேந்திரவர்மன் வழிவந்த ராஜசிம்மன் எடுத்த பனைமலைக் கோயிலும் இதே விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே குடைநிழலில் ஒரு காலை மடித்து, தலை சாய்த்து நிற்கும் உமையின் ஓவியம் எஞ்சியிருக்கிறது. வண்ணம் பெரும்பாலும் போய்விட்டது, கோடு நிற்கிறது. கோடு சரியாக விழுந்தால் வண்ணம் போன பிறகும் ஓவியம் வாழும் என்பதற்கு அதுவே சாட்சி.

பழம்பெருமை மட்டும் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். விழுப்புரத்தை அடுத்த அய்யங்கோவில்பட்டுக்கு ஆவணி பிறப்பதற்கு முன்பு போய்ப் பாருங்கள். காகிதக் கூழில் கிழங்கு மாவைச் சேர்த்துப் பிசைந்து, அச்சில் அப்பி, தலை வேறு, கை வேறு, உடல் வேறாக எடுத்து, வெயிலில் காயவைத்து, ஒட்டி, வண்ணம் பூசி விநாயகர் சிலைகளைச் செய்கிறார்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலை நீரில் எளிதில் கரையாது. குளத்தின் அடியில் கிடக்கும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் வெளியிட்ட நெறிமுறைகளில் அதைத் தவிர்க்கச் சொன்னது. காகிதக் கூழ் சிலையோ எடை குறைவு, தூக்க எளிது, நீரில் ஊறிக் கரைந்துவிடும். பத்து நாள் வழிபாட்டுக்கு நிற்க வேண்டும், பதினோராம் நாள் கரைய வேண்டும் என்று ஒரு பொருளிடம் கேட்பது எவ்வளவு கடினமான வடிவமைப்புக் கேள்வி! மண்டகப்பட்டுக் கல்தச்சர் அழியாத பொருளைத் தேடினார். இந்தக் கைவினைஞர் அழியும் பொருளைத் தேடுகிறார். இருவரும் தம் பொருளை அறிந்தவர்கள். அந்தப் பட்டறையில் ஒரு வாரம் அமர்ந்து வேலை பழகுங்கள். பட்டம் பெற்றவர் என்ற எண்ணத்தை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போங்கள்.

இனி, உங்கள் வீட்டில் எழும் கேள்விக்கு வருகிறேன். "இதை வைத்துப் பிழைக்க முடியுமா?" நியாயமான கேள்வி. அதற்கு நம் முன்னோடிகள் சொன்ன பதில் சோழமண்டலம் கலைஞர் கிராமம். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கிய ஓவியப் பள்ளிதான் இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக வளர்ந்திருக்கிறது. அதன் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் அந்தக் கலைஞர் கிராமத்தை நிறுவினார்கள். செல்வந்தரின் ஆதரவுக்காக அவர்கள் காத்திருக்கவில்லை. பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்த வருமானத்தில் நிலம் வாங்கினார்கள், வீடு கட்டினார்கள், ஓவியமும் தீட்டினார்கள். துணிக்குச் சாயம் போடுவதால் ஓவியன் தாழ்ந்துவிடுவதில்லை என்று வாழ்ந்து காட்டினார்கள்.

அதே கல்லூரியில் படித்த கே.எம். ஆதிமூலத்தை எண்ணிப் பாருங்கள். காந்தியைக் கோட்டோவியங்களாகத் தீட்டியவர், தமிழ் இதழ்களுக்கும் நூல்களுக்கும் தலைப்பெழுத்துகளை வரைந்தார். எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்குப் படம் போட்டார். காட்சிக்கூடத்துக்குப் போகாத வாசகனும் தேநீர்க் கடையில் வார இதழைப் புரட்டும்போது நவீன ஓவியத்தைப் பார்த்தான். மக்களிடம் கலையைக் கொண்டுசெல்வது என்றால் இதுதான்.

இன்று கணினியிடம் சொன்னால் நொடியில் படம் வருகிறது. உங்கள் வேலை போய்விடுமோ என்ற அச்சம் எனக்கும் புரிகிறது. படம் மட்டுமே உங்கள் வேலை என்றால் அந்த அச்சம் நியாயம். ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பாட்டி எந்த ஊர்ப் பேருந்து என்று எட்ட நின்றே அறிய எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதைத் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் நின்று பார்த்தவர்தான் சொல்ல முடியும். எந்த மண் சுட்டால் வெடிக்கும் என்பது சூளைக்குப் பக்கத்தில் வியர்த்தவருக்குத்தான் தெரியும். அந்த அறிவை உங்கள் கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். அடுத்த ஓராண்டுக்குள் உங்கள் ஊருக்கு ஒரு வேலை செய்துகொடுங்கள். கூலி வாங்கிக்கொண்டும் செய்யலாம், வாங்காமலும் செய்யலாம். அங்கன்வாடிச் சுவராக இருக்கட்டும், நியாயவிலைக் கடையின் அறிவிப்புப் பலகையாக இருக்கட்டும், கல்மரப் பூங்காவைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்கும் ஒரு சிறு நூலாக இருக்கட்டும். எதுவானாலும் தொடங்கும் முன் அதைப் பயன்படுத்துகிறவரிடம் போய்க் கேளுங்கள். முடித்த பின்னும் போய்ப் பாருங்கள். சரியில்லை என்றால் திருத்துங்கள். உங்கள் பட்டத்துக்கு உண்மையான மதிப்பெண் போடப் போகிறவர்கள் அவர்கள்தான்.

உங்கள் கைகள் ஓயாமல் உழைக்கட்டும். உங்கள் கலையால் நம் ஊர்கள் அழகும் வசதியும் பெறட்டும். வாழ்க, வளர்க!