சுப்பாராவின் பிரசுரக் கணக்கு

ஒரு மருத்துவ ஆராய்ச்சியாளரைப் பெரிய பதவிக்குத் தேர்ந்தெடுக்கக் கூடும் சபையினர் இக்காலத்தில் முதலில் கேட்பவை, அவர் எத்தனை கட்டுரைகளைப் பிரசுரித்தார், அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்னும் இரண்டு எண்களே. எழுதியவர் ஒருவரை அவருக்குப் பின்வந்தோர் எங்கெங்கே எடுத்தாண்டனர் என்பதைக் காட்டும் அட்டவணை ஒன்று விஞ்ஞானத்துக்கு வேண்டுமென்று அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு 1955இல் எழுதியபோது, ஒரு கருத்தின் தடத்தைப் பற்றிச் சென்று அதனோடு தொடர்புடைய ஆராய்ச்சிகளைக் கண்டடைவதற்கான சாதனமாகவே அதைப் பிரதானமாகக் கருதினார். 1964இல் அவ்வட்டவணை வெளிவந்த பின்னர், அது மெல்ல மெல்ல மனிதரை அளக்கும் கோலாகவும் ஆகிவிட்டது.

அந்தக் கோல் எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்பதை டாக்டர் எல்லப்பிரகட சுப்பாராவின் சரித்திரம் தெளிவாக உணர்த்தும். 1895இல் ஆந்திர தேசத்துப் பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது கதர் அணிந்தமையால் அறுவைச் சிகிச்சைப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே பெற்று, சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சிலகாலம் போதித்த பின் அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையை அடைந்தவர் அவர். அங்கே சைரஸ் ஃபிஸ்கே என்னும் ஆசிரியரோடு சேர்ந்து 1925இல் அவர் பிரசுரித்த கட்டுரை, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையைச் சொல்வது: சில இரசாயனப் பொருள்களைச் சேர்த்தால் திரவம் நீல நிறம் கொள்ளும், நீலம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு பாஸ்பரஸ். எளிய முறை, நம்பத்தக்க முறை. ஆகவே பல தசாப்தங்களாகப் பாஸ்பரஸை அளந்தோர் ஆயிரக்கணக்கான கட்டுரைகளில் இவ்விருவர் பெயரையும் குறித்தனர்.

ஆனால் அம்முறையைக் கைக்கொண்டே அவ்விருவரும் தசையில் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளை 1927இலும், ஏ.டி.பி. என்று இன்று நாம் வழங்கும் பொருளை 1929இலும் கண்டனர். (அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பவரும் ஏ.டி.பி.யைத் தனியே கண்டறிந்தார்.) உயிர்கள் அனைத்தின் செயலுக்கும் சக்தி வழங்கும் ஏ.டி.பி.யைப் பற்றி இன்று எழுதுவோர் அந்த 1929ஆம் ஆண்டுக் கட்டுரையைக் குறிப்பது அரிது. பாடப்புத்தகத்தில் ஏறி, பள்ளி மாணவரும் அறிந்த உண்மையாகிவிட்டபின், அதற்குச் சான்று காட்டவேண்டும் என்ற எண்ணமே ஒருவருக்கும் எழுவதில்லை. ஆக, ஒரு கண்டுபிடிப்பு முழு வெற்றி பெறும்போது மேற்கோள் கணக்கிலிருந்து அது மறைந்துபோகிறது. அளவு முறைகளோ அவ்வாறு மறைவதில்லை. புரதத்தை அளக்கும் முறையைக் கூறி லௌரி என்பவர் 1951இல் எழுதிய கட்டுரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களைப் பெற்றிருக்கிறது. அது மகத்தான ஆராய்ச்சி அன்று என்று அவரே எழுதியும் இருக்கிறார்.

ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிட்டாமையால், சுப்பாராவ் 1940இல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குச் சென்றார். இளமையில் தம் சகோதரரைப் பலிகொண்ட ஸ்ப்ரூ என்னும் பேதி நோய்க்கு மருந்தாகப் பின்னர் உதவிய ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உண்டாக்கியது, அங்கே அவர் தலைமையில் இயங்கிய குழுவே. நம் நாட்டில் யானைக்கால் நோயை ஒழிப்பதற்காக வீடு வீடாக வழங்கப்படும் டி.இ.சி. மாத்திரையும் அக்குழு அளித்ததே. ஃபோலிக் அமிலத்துக்கு எதிராகச் செயற்படும் அமினோப்டெரின் என்னும் மருந்தையும் அவர்கள் செய்தளித்தனர். அதைப் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்து, அவர்களில் பத்துப்பேர் சிலகாலமேனும் நலமடைந்ததை 1948 ஜூன் மாதத்தில் வெளியிட்டார். புற்றுநோய் மருத்துவ சரித்திரத்தில் அழியாத ஸ்தானம் பெற்ற அக்கட்டுரையின் ஆசிரியர்கள் ஐவர். சுப்பாராவ் அவர்களில் ஒருவர் அல்லர். எந்த மேற்கோள் அட்டவணையும் அக்கட்டுரையின் கீர்த்தியில் ஓர் அணுவளவும் அவர் கணக்கில் எழுதாது. அக்கட்டுரை வெளிவந்த இரண்டே மாதங்களில், தம் 53ஆவது வயதில் அவர் காலமானார்.

மேற்கோள் எண்ணிக்கை பயனற்றதென்று நான் கூறவில்லை. 1925ஆம் ஆண்டுக் கட்டுரைக்குக் கிடைத்த புகழ் முற்றிலும் நியாயமானது. ஒரு முறை எத்தனை பேருக்குக் கைகொடுத்தது என்பதை அந்த எண்ணிக்கை உண்மையாகவே காட்டுகிறது. ஒரு மனிதர் செய்தது என்ன என்பதை மட்டும் அது காட்டாது. நம் மருத்துவக் கல்லூரிகளிலும் பதவி உயர்வுக்குக் கட்டுரைகள் கணக்கிடப்படும் இந்நாளில், தேர்வுக் குழுவில் அமரும் பெரியோர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றே: விண்ணப்பித்தவரின் கட்டுரைகளில் இரண்டையேனும் முழுவதும் வாசித்து, அவற்றில் அவர் செய்த பங்கு எதுவென்று அவரிடமே கேட்டறிந்து, அதன் பின்னர் உங்கள் முடிவை எழுதுங்கள்.