அடுத்த ஆளை இப்பவே பழக்குங்கோ



நோயாளருக்கு உதவும் சின்னச் சங்கங்களில் தலைவரும் பல வேளை நோயாளிதான். அவர் திடீரெனப் படுத்துவிட்டால்? வங்கி அலுவல் அவருக்குத்தான் தெரியும். தொலைபேசி இலக்கங்கள் அவரிடம்தான். வைத்தியசாலைக்குத் துணை கேட்டு எடுப்பவருக்குப் பதில் சொல்ல ஆளில்லை.

இங்கு வந்தவுடன் உங்களில் பலருக்குக் காசநோய்ப் பரிசோதனை நடந்திருக்கும். 1943இல், ஜேர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில், நோர்வேக் காசநோயாளிகள் தாங்களே ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதுதான் இன்று இதய, நுரையீரல் நோயாளருக்கான எல்.எச்.எல். தலைமை கைமாறிக் கைமாறி அது இன்றும் நிலைச்சு நிக்குது.

நாங்கள் செய்யவேண்டியது என்ன?

ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டாவது ஆள் ஒருவரைப் பழக்குங்கோ. வேலைகளைக் கொப்பியில் எழுதி வையுங்கோ. ஆண்டுக் கூட்டத்தில், அதாவது 'ஓர்ஸ்மோத்த'யில், புதிய தலைவரைத் தெரிவுசெய்து கூட்டக்குறிப்பில் கையொப்பமிடுங்கோ. பதிவுசெய்த சங்கமென்றால் புரொன்னொய்சுண்ட் பதிவகத்துக்கு மாற்றத்தை அறிவிக்கவேணும், வங்கிக்கும் சொல்லவேணும். நோயாளரின் அந்தரங்கம் புதியவருக்கும் அந்தரங்கமே.

பழைய தலைவர்மாரே, விலகினாலும் சில மாதம் பக்கத்தில் நில்லுங்கோ. ஆனால் முடிவைப் புதியவர் எடுக்கட்டும்.

புதிதாய் வந்தவர்களே, மொழி தெரியாதெண்டு ஒதுங்கவேண்டாம். தமிழில் ஆறுதலாய்க் கதைக்க ஒருவர் இருப்பதே நோயாளிக்குப் பெரிய உதவி. முதலில் பழைய தொண்டர் ஒருவரோடை கூடப்போய்ப் பாருங்கோ. நாளைக்கு அந்த வேலை உங்கள் கைக்கு வரும்.