எனக்கும் உள்ளே ஒரு இலை போடுங்க

(வல்லக்கோட்டையில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

மைக்கை என் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்த தங்கச்சிக்கு முதல் நன்றி.

போன மாசம் கடன் விஷயமா எங்க குழுவில் ஆறு பேர் வங்கிக்குப் போனோம். கையெழுத்து எல்லாம் முடியவே மணி ரெண்டு ஆயிடுச்சு. நல்ல பசி. பக்கத்தில் இருந்த ஓட்டல் வாசலில் ஆட்டோ நின்னுது. வாசலில் மூணு படி. கடைக்காரர் நல்ல மனுஷன். "ரெண்டு பசங்களைக் கூப்பிடறேம்மா, நாற்காலியோட தூக்கிடலாம்"னு சொன்னார். நான் வேணாம்னு சொல்லிட்டேன். முன்னே பின்னே தெரியாத ஆம்பளைங்க தெருவில் வச்சுத் தூக்க, புடவை விலகுதான்னு பார்த்துக்கிட்டே போய்ச் சோறு சாப்பிட எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்?

"நீ ஆட்டோவிலயே இரு, உனக்குப் பார்சல் வாங்கிட்டு வர்றோம்"னு அக்காங்க சொன்னாங்க. பாசமாத்தான் சொன்னாங்க. மடியில் பொட்டலத்தைப் பிரிச்சு வச்சுச் சாப்பிட்டேன். சாம்பார் புடவையில் சிந்துச்சு. உள்ளே அவங்க அஞ்சு பேரும் பேசிச் சிரிக்கிறது கேட்டுச்சு. கடன் பத்திரத்தில் என் கையெழுத்தும் இருக்கு. கட்ட வேண்டிய தவணையில் என் பங்கும் இருக்கு. ஆனா ஒண்ணா உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட முடியலை. அன்னைக்கு ராத்திரி முழுக்க எனக்கு இதுதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

உங்களில் பல பேருக்குத் தெரியும், நான் பிறவியிலேயே இப்படி இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வேலை முடிஞ்சு திரும்பும்போது ஷேர் ஆட்டோ கவிழ்ந்து முதுகெலும்பில் அடிபட்டுச்சு. அதுக்கு முன்னால் ஒரு மெஸ்ஸில் சமையல் வேலை. கம்பெனிப் பசங்க வந்து சாப்பிடுற இடம். அந்த மெஸ்ஸுக்கும் ரெண்டு படி இருந்துச்சு. நாலு வருஷம் தினமும் அந்தப் படியைக் கழுவிக் கோலம் போட்டவ நான்தான். அதைத் தாண்டி வர முடியாதவங்களும் இருப்பாங்கன்னு எனக்கு ஒரு நாளும் தோணலை. அதனால யாரையும் குத்தம் சொல்ல இங்கே வரலை. தோணாததைத் தோண வைக்கத்தான் பேச வந்தேன்.

ஏன் நம்மகிட்ட சொல்றேன்?

சோறு போடுற தொழில் இன்னைக்கு நம்ம கையில் நிறைய இருக்கு. 2013-ல் சென்னையில் அம்மா உணவகம் ஆரம்பிச்சப்போ சமைச்சுப் பரிமாறினது சுய உதவிக் குழுப் பெண்கள்தான். 2022-ல் வந்த பள்ளிக் காலை உணவுத் திட்டத்திலும் நம்ம பெண்கள்தான் அடுப்புக்கு முன்னால் நிக்கிறாங்க. ஒரகடம், வல்லம் பக்கம் கம்பெனிகள் வந்ததிலிருந்து டிபன் கடை, மெஸ், டீக்கடைன்னு கடன் கேட்கிற உறுப்பினர்களும் இருக்காங்க. ஒரு கடை புதுசா எழும்பும்போது வாசல் எப்படி இருக்கணும்னு சொல்ற இடத்தில் நாமே இருக்கோம்.

சட்டமும் இருக்கு. 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் வந்துச்சு. அரசுக் கட்டடம் மட்டும் இல்லை, பொதுமக்கள் வந்து போகிற தனியார் கட்டடமும் அந்தச் சட்டப்படி பொதுக் கட்டடம்தான். வியாபாரம் நடக்கிற இடமும் அதில் சேரும். ராஜீவ் ரத்தூரி என்கிற பார்வையற்றவர் போட்ட வழக்கில், 2024 நவம்பர் 8-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இந்த வசதிகளை வெறும் ஆலோசனையா விட்டுடக் கூடாது, கட்டாய விதியா மூணு மாசத்துக்குள் கொண்டு வரணும்னு மத்திய அரசுக்கு உத்தரவு போட்டது. ஆனா சட்டம் வந்து நம்ம ஊர்ப் படியை இடிக்காது. நாமதான் செய்யணும்.

என்ன செய்யணும்?

ஒண்ணு, வாசல். சாய்தளத்துக்குக் கணக்கு சுலபம். ஒரு அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம். அரை அடி உயரத்தில் ஒரே படின்னா ஆறு அடி நீளச் சரிவு போதும். பைக் ஏத்துறதுக்குன்னு செங்குத்தாப் போட்டு வச்சிருக்காங்களே, அது எங்களுக்கு ஆகாது. ஏறும்போது நாற்காலியோட மல்லாக்க விழுந்துடுவோம். ரோட்டுப் பக்கம் இடம் இல்லைன்னா சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் போடலாம். வழவழன்னு டைல்ஸ் வேண்டாம், சொரசொரப்பா சிமெண்ட் பூசினா போதும். ஓரத்தில் சக்கரம் இறங்கிடாம ஒரு சின்னக் கட்டை வைக்கணும். கடை புதுசாக் கட்டுறவங்க தரையை ரொம்ப உயர்த்தாம இருந்தாலே பாதி வேலை முடிஞ்சுது.

ரெண்டு, கதவும் வழியும். கதவு மூணு அடி அகலம் இருக்கணும். உள்ளே ஒரு இடத்திலாவது அஞ்சு அடிக்கு அஞ்சு அடி காலியா விட்டா நாற்காலியைத் திருப்பலாம். தண்ணி கேன், காலி கிரேடு எல்லாத்தையும் வழியில் அடுக்காதீங்க.

மூணு, மேஜை. கடை முழுக்க மாத்தச் சொல்லலை, ஒரே ஒரு மேஜை போதும். அதன் ஒரு பக்கம் பெஞ்ச் இல்லாம விடுங்க. முழங்கால் உள்ளே போகிற மாதிரி அடியில் இடம் இருக்கணும். தரையோட பதிச்ச ஸ்டூலா இருந்தா, அதில் ஒண்ணை எடுத்துடுங்க.

நாலு, கை கழுவற இடமும் கழிப்பறையும். குழாய் உயரமா இருந்தா ஒரு ஸ்டூல் மேல் தண்ணியும் சொம்பும் வச்சாலே போதும். கழிப்பறை வச்சிருக்கிற கடைக்காரங்க கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வைங்க, சுவரில் ஒரு கைப்பிடி பொருத்துங்க. வெளியூர் கிளம்பினா நான் காலையிலிருந்து தண்ணி குடிக்க மாட்டேன். ஏன்னு பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

"ஒரு ஆள் வர்றதுக்கு இவ்வளவா?"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஆனா நான் தனியா வர்றதில்லை. நாங்க ஆறு பேர். எனக்கு வழி இல்லாத கடையை விட்டு ஆறு பேரும் அடுத்த கடைக்குப் போனா நஷ்டம் யாருக்கு? கிருத்திகைக்கு நம்ம முருகன் கோயிலுக்கு வர்றவங்களைப் பாருங்க. முழங்கால் வலியோட பாட்டிங்க, நிறைமாசப் பொண்ணுங்க, இடுப்பில் குழந்தையோட தாய்மார்கள். எல்லாருக்கும் அந்தச் சரிவு உதவும். சிலிண்டர் உருட்டுறவருக்கும், அரிசி மூட்டை இறக்குறவருக்கும் உதவும்.

முடியாத காரியமும் இல்லை. சென்னை மெரினாவில் மணல் மேல் சக்கர நாற்காலி போக 2022 நவம்பரில் மரப்பாதை போட்டாங்க. அடுத்த மாசமே மாண்டஸ் புயலில் சேதம் ஆச்சு. சரிபண்ணி மறுபடியும் திறந்தாங்க. கடல் மணலிலேயே வழி உண்டுன்னா, நம்ம டிபன் கடை வாசலில் முடியாதா?

கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் மூணு. கடை வச்சிருக்கிற உறுப்பினர்கள் இந்த வாரமே ஒரு டேப் எடுத்து உங்க படியை அளந்து பாருங்க. கடைக்குக் கடன் கேட்டு மனு வந்தா, "சக்கர நாற்காலி உள்ளே வருமா?"ன்னு ஒரு கேள்வி கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்க. குழுவாக வெளியே போனா எல்லாரும் நுழையக் கூடிய இடமாப் பார்த்துப் போங்க.

கடைசியா என் குழு அக்காங்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த தடவை எனக்குப் பார்சல் வாங்காதீங்க. பத்து நிமிஷம் கூடுதலாத் தேடினாலும் பரவாயில்லை. உங்க பக்கத்தில் எனக்கும் உள்ளே ஒரு இலை போடுங்க.