மலைமாட்டின் மரபு



கூடலூரிலிருந்து சின்னமனூர் நோக்கிக் கம்பம் பள்ளத்தாக்கு வழியே செல்வோர், அறுவடை முடிந்த வயல்களில் மாடுகள் கிடை கிடப்பதைக் காணலாம். இவை மலைமாடுகள். பாலுக்காக வளர்க்கப்படுவன அல்ல. மலைச்சரிவில் மேய்ந்து நிலத்திற்கு உரம் தருவன. இக்கூட்டத்தில் நிற்கும் ஒரு காளையின் தந்தை வழியில் ஜெர்சி கலந்துள்ளதா என்று எவ்வாறு அறிவது? கொம்பையும் திமிலையும் கொண்டு முதியோர் சொல்லுவர். தலைமுறை சில கடந்தால் அந்தக் கண்ணும் ஏமாறும். அறிவியல் வேறொரு வழியைக் காட்டுகிறது.

உயிரணுவின் உட்கருவில் குரோமோசோம்கள் உள்ளன. மனிதனுக்கு 46, மாட்டிற்கு 60, வெள்ளாட்டிற்கும் 60, செம்மறிக்கு 54, நம் எருமைக்கு 50. வெள்ளாட்டைவிடச் செம்மறிக்கு ஆறு குறைந்தது ஏன்? பண்டைக்காலத்தில் ஆறு இணைகள் இரண்டிரண்டாக ஒட்டி மூன்று பெரிய இணைகளாயின. எண்ணிக்கை குறைந்ததேயன்றி, அவற்றிலுள்ள மரபுச் செய்தி பெரும்பாலும் குறையவில்லை. கணக்காசிரியனாக இருந்த எனக்கு இது மிகவும் பிடித்த கணக்கு. ஆனால் இத்தகைய ஒட்டு எப்போதும் தீங்கற்றதன்று. மாட்டின் முதலாவது குரோமோசோமும் 29ஆவதும் ஒட்டியிருப்பதை 1964இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் குஸ்தாவ்சன் கண்டறிந்தார். அத்தகைய மாடுகளின் சினைத்திறன் குறைகிறது.

இவற்றைக் காண்பது எங்ஙனம்? சிறிதளவு இரத்தத்தை எடுத்து, வெள்ளணுக்களை உடல் வெப்பத்தில் மூன்று நாள் வளர்ப்பர். அணு பிரியும் தறுவாயில் கால்ச்சிசின் என்னும் பொருளைச் சேர்த்து அப்பிரிவினை நிறுத்துவர். அப்போதுதான் குரோமோசோம்கள் திரண்டு தெளிவாகத் தெரியும். நம் மாநில மலராகிய செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ள நஞ்சும் இந்தக் கால்ச்சிசினே!

இனி நம் காளைக்கு வருவோம். தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்வது ஒய் குரோமோசோம். திமிலுடைய நம் நாட்டு இனங்களில் அதன் இடுக்கு ஒரு முனையில் அமைந்திருக்கும். ஜெர்சி முதலிய ஐரோப்பிய இனங்களில் நடுவை ஒட்டியிருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தவுடன் தந்தை வழி விளங்கிவிடும். தாய் வழிக் கலப்பை இது சொல்லாது. அதற்கு மரபணு வரைபடம் வேண்டும். மாட்டின் முழு வரைபடம் 2009இல் வெளிவந்தது. அதற்கு முதன்மையாக உதவியது ஓர் எரிபோர்டு இனப் பசு. ஐரோப்பியப் பசுவின் படத்தை வைத்துக்கொண்டு வருசநாட்டு மாட்டின் தனிக்குணங்களையெல்லாம் தேடிவிட முடியும் என்று நான் நம்பவில்லை. நம் மாட்டிற்கு நம் படமும் வேண்டும்.

காலமும் நெருக்குகிறது. திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் 2021இல் அமைந்தது. புலிகள் காப்பகங்களில் கால்நடை மேய்ச்சலை 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை செய்தது. புலியைக் காப்பதும் கடமையே. எனினும் மேய்ச்சல் சுருங்கினால் கிடைகளும் சுருங்கும். அதற்குமுன் இம்மாடுகளின் மரபினைப் பதிவு செய்துவிட வேண்டும். 2020இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி தேனியிலேயே உள்ளது. விலங்கியல் பயிலும் மாணவர்கள் விடுமுறையில் ஒரு கிடைக்குச் சென்று வாருங்கள். கிடைக்காரரிடம் முதலில் அனுமதி கேளுங்கள். மலைமாடு அயலாரைக் கண்டால் மிரளும்.